புதுப்பிப்பு: மொட்டை மாடிப் பூச்சும் ஏசி டக்ட்டும்

மதுரையில் எங்கள் கடையின் மொட்டை மாடிக்குப் பூச்சு அடித்த பின்னும், மழையே இல்லாத மார்ச்சில் கூரையின் உட்புறம் ஈரமாவதாகவும், மேலே செல்லும் டக்ட்டின் (ஏசியின் குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகட்டுக் குழாய்) கறுப்பு ரப்பர் உறை வெடித்துப் பொடியாவதாகவும் கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி.

முதலில் டக்ட்டைப் பாருங்கள் என்ற யோசனையே பலித்தது. உறை கிழிந்த இடங்களில், குளிர்ந்த தகட்டின் மேல் காற்றின் ஈரப்பதம் நீராகி, தாங்குகால்களின் போல்ட் துளைகள் வழியே இறங்கியிருக்கிறது. இணைப்புகளை அடைத்து, புதிய நைட்ரைல் ரப்பர் உறை சுற்றி, வெயில் படாமல் அலுமினியத் தகட்டால் மூடினோம். போல்ட் துளைகளையும் அடைத்த பிறகே, உரிந்த பூச்சைச் சுரண்டி, தளத்தைக் கழுவிக் காயவிட்டு, வெள்ளை அக்ரிலிக் பூச்சைக் குறுக்கும் நெடுக்குமாக இரு முறை அடித்தோம்.

எதிர்பாராதது ஒன்று: வெள்ளைத் தளம் வெயிலை டக்ட்டின் அடிப்பக்கத்துக்கும் திருப்பி அடிக்கிறது. ஆகவே, செலவைக் குறைக்க டக்ட்டின் மேல்பாதியை மட்டும் தகட்டால் மூடிவிடாதீர்கள்.