மீன் லோடு வண்டி: துருப்பிடித்த கேலிப்பருக்கும் டிரம்முக்கும் என்ன பெயிண்ட்?

உப்புக்காற்று:
வணக்கம். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றுகிற பிக்கப், எடுத்து நாலு வருஷம் ஆகிறது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். ஐஸ் உருகி வழிகிற உப்புத் தண்ணீர் நேராகப் பின் சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. டிரம் செங்கல் நிறத்துக்கு வந்து செதில் செதிலாக உதிர்கிறது. முன்னால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரும் கிட்டத்தட்ட அதே கதி. பிரேக் என்னவோ நன்றாகத்தான் பிடிக்கிறது. போன வருஷம் ஒரு பட்டறையில் சாதா எனாமல் அடித்துக் கொடுத்தார்கள், ரெண்டே மாதத்தில் கருகி உரிந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை நானே அடிக்கலாம் என்றிருக்கிறேன். எந்த பெயிண்ட் நிற்கும்? கழற்றாமலே அடிக்கலாமா?

பழைய ஸ்பானர்:
தம்பி, எனாமல் அந்தச் சூட்டைத் தாங்காது. சைலன்சருக்கு அடிக்கிற, சூடு தாங்கும் ஸ்ப்ரே வாங்குங்கள், இல்லை கேலிப்பருக்கென்றே விற்பதை வாங்குங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் அடியில் போடாதீர்கள், அதுவும் சூட்டில் உரியும்.

கேலிப்பரை முழுக்கக் கழற்ற வேண்டாம். ஆனால் துருவை எடுக்காமல் மேலே அடித்தால் துருவோடு சேர்ந்து பெயிண்டும் விழும், அதனால் வயர் பிரஷ், அப்புறம் உப்புத்தாள், கடைசியில் பிரேக் கிளீனர். பெட்ரோல், டீசல் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், தூசி புகாமல் மூடியிருக்கிற ரப்பர் பூட் ஊதிவிடும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது, நுரையீரலுக்குக் கெடுதல், நனைத்துத் துடையுங்கள். டிஸ்க் முகம், டிஸ்க்கில் உரசுகிற பேடு, ரப்பர் பூட், பிரேக் ஆயிலில் காற்றெடுக்கும் பிளீடர் நிப்பிள், கேலிப்பர் நகர்வதற்கான கம்பி (ஸ்லைடு பின்) எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடிவிட்டு, மெல்லிசாக மூணு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிஷம். ஒரே கோட்டில் தடியாக அடித்தால் வழியும். ஒரு நாள் வண்டியை நகர்த்தாமல் விடுங்கள்.

டிரம்முக்கு வெளிப்பக்கம் மட்டும். உள்ளே லைனர் உரசும் இடத்தில் பெயிண்ட் கூடவே கூடாது. நிறையப் பேர் கோட்டை விடுவது இன்னொரு இடம்: வீல் வந்து உட்காரும் முகம். அங்கே தடியாகப் பெயிண்ட் இருந்தால் அது நசுங்க நசுங்க வீல் நட் லூசாகும். லோடு வண்டியில் இது விளையாட்டு இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி உட்காராதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள்.

நாலாம் கியர்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். டிரம், கேலிப்பர் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான், மேல்துரு அதற்குச் சகஜம், அதனால் பிரேக் போய்விடாது. அழகுக்கு அடிப்பதென்றால் அடியுங்கள். ஆனால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறதா, பிஸ்டன் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் பெயிண்ட் அடிப்பது வீண் வேலை. அப்புறம் அந்த ஐஸ் தண்ணீர்! வடிகாலில் ஒரு ஹோஸ் மாட்டிச் சக்கரத்துக்குத் தள்ளி வழிய விடுங்கள், லோடு இறக்கியதும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அதைச் செய்யாவிட்டால் எந்த பெயிண்டும் அடுத்த வருஷம் இருக்காது.

உப்புக்காற்று:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஞாயிறு காலை ஆரம்பித்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. டிரம் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை, சுத்தியலால் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். பிறகுதான் டிரம் முகத்திலேயே மரை போட்ட ரெண்டு ஓட்டை இருப்பதைக் கவனித்தேன். துரு எண்ணெய் விட்டு, ரெண்டு போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கியதும் தானாக வெளியே வந்தது.

நாலாம் கியர் அண்ணன் சொன்னது சரியாகப் போயிற்று. இடது முன் கேலிப்பரில் கீழ் ஸ்லைடு பின் இறுகிக் கிடந்தது, அந்தப் பக்கம் உள் பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிட்டேன்.

பழைய ஸ்பானர்:
நல்லது. ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள், சாதா கிரீஸ் வேண்டாம். பேடை ரெண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். அதுவரை லோடு ஏற்றாதீர்கள்.