வரவேற்பறையில் தவறாத ரோபோ

உயர்தர வகுப்பில் படித்த காலத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, தரையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் ரோபோ ஒன்றைச் செய்து, ஒரே ஆண்டில் மூன்று போட்டிகளுக்குக் கொண்டு சென்றோம். உதிரிப்பாகங்களைக் கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினோம். ரியூஷன் முடிந்து, வெள்ளவத்தையில் நண்பன் ஒருவனின் தொடர்மாடி வீட்டு வரவேற்பறையில் கூடி, இரவு எட்டு மணிக்குப் பின்னரே வேலையைத் தொடங்குவோம். முதல் தோல்விக்கான காரணம் அந்த நேரத்திலேயே இருந்தது.

போட்டி மண்டபத்தின் கிழக்குப் பக்கம் முழுவதும் யன்னல்கள். காலை வெயில் ஓடுதளத்தின் பாதியில் விழுந்திருந்தது. நிழலில் ஒழுங்காகச் சென்ற ரோபோ, வெயிலுக்குள் நுழைந்ததும் கோட்டைத் தவறவிட்டு நின்ற இடத்திலேயே சுழன்றது. நிரலில்தான் பிழை என்று எண்ணி அவசரமாக எண்களை மாற்றினோம். இரண்டாவது ஓட்டத்தில் நிழலிலும் அது தடுமாறியது. எங்கள் உணரிகள் தரையை நோக்கி அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, திரும்பி வரும் அளவைக் கொண்டு வெள்ளையையும் கறுப்பையும் பிரித்தறிபவை. வெயிலில் அக்கதிர் தாராளமாக இருப்பதால், கறுப்புக் கோட்டின்மேல் நிற்கும் உணரியும் வெள்ளையைக் கண்டதாகவே சொல்லும். எல்.ஈ.டி. மின்குமிழின் ஒளியிலோ அது மிக மிகக் குறைவு. வரவேற்பறையில் வாரக்கணக்காக நாங்கள் பார்த்துப் பூரித்த பிசகாத ஓட்டம், அந்த மின்குமிழ் தந்த சலுகை.

பக்கத்து மேசையில் இருந்த சிங்கள மாணவிகளுள் ஒருவர் வந்து, ரோபோவைக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்தார். எங்களுடைய அரைகுறைச் சிங்களத்துக்கு அவர் சொன்னதில் பாதிதான் விளங்கியது. பேசிக்கொண்டே கறுப்பு அட்டையை வெட்டி, உணரிகளைச் சுற்றி, வெயில் புகாதபடி பாவாடைபோல ஒட்டிவிட்டார். எங்கள் ஓட்டங்கள் முடிந்துவிட்டிருந்தன என்பது வேறு விடயம்.

இரண்டாவது போட்டியில் வெயில் எங்களைத் தொடவில்லை, மின்கலம் கைவிட்டது. வளைவுகளில் இத்தனை மில்லிசெக்கன் திரும்பு என்று நிரலில் எழுதியிருந்தோம். இரண்டு லிதியம் கலங்கள் முழுதாக ஏறியிருக்கையில் 8.4 வோல்ற் தரும். பாவிக்கப் பாவிக்க அது இறங்கும். மோட்டார்களை இயக்கும் எல் 298 மின்சுற்று, அதில் ஏறக்குறைய 2 வோல்ற்றைத் தானே விழுங்கிவிடும். ஆகவே காலையில் சரியாகத் திரும்பிய அதே ரோபோ, பிற்பகலில் முக்கால்வாசி திரும்பி நின்றது. அப்போதும் எங்களில் இருவர் சக்கரத்தைக் குறை கூறிச் சண்டை பிடித்தார்கள். அவர்களுள் ஒருவன் நான்.

மொறட்டுவையில் பொறியியல் படிக்கும் அண்ணா ஒருவரிடம் இதைக் கொண்டு சென்றபோது, அவர் மடிக்கணினியைத் தொடவே இல்லை. “தம்பிமார், செக்கனை எண்ணாமல் கோட்டைப் பாருங்கோ” என்றார். நடு உணரி மீண்டும் கோட்டைக் காணும் வரை திரும்பு என்று மாற்றினோம், நான்கே வரிகள். அத்துடன், ஓட்டத்துக்கு முன் ரோபோ தானே இருபுறமும் அசைந்து, அந்த மண்டபத்தின் வெள்ளையையும் கறுப்பையும் அளந்துகொள்ளும்படி செய்தோம். பகலில் யன்னலைத் திறந்துவைத்தும், மின்கலம் பாதி இறங்கிய பின்னரும் வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தோம்.

மூன்றாவது போட்டியில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு ஓட்டங்களிலும் முடிவுக் கோட்டைத் தொட்டோம். ரோபோவின் அடியில் அந்த மாணவி ஒட்டிய அட்டையே இருந்தது. ஓரம் கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுநாடா சுற்றியிருந்தோம்.