உப்புக்காற்று வீட்டுக்கு ஹீட் பம்ப்: செலவை எங்கே குறைப்பது?

கீழக்கரைவாசி:
உம்மாவுக்கு மூட்டுவலி, விடிந்தால் வெந்நீர் வேண்டும். வீட்டில் ஆறு பேர். இரண்டு கீசர்கள் ஓடுவதால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் கட்டண வீதமே மாறுகிறது. தண்ணீர் சுடவைக்கும் 300 லிட்டர் ஹீட் பம்புக்குக் குழாய் வேலையோடு ஒன்றேமுக்கால் லட்சம் கேட்கிறார்கள். துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) வாங்கச் சொல்கிறார். வாப்பாவோ, சீமைக்கருவேல விறகு இருக்க இது எதற்கு என்கிறார். மானியம் ஏதும் உண்டா?

மண்டபம் வயர்மேன்:
தம்பி, 300 லிட்டர் யார் கணக்கு? விற்பவருக்குப் பெரிய தொட்டிதான் பிடிக்கும். நம் பக்கம் குழாயிலேயே தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. 28 டிகிரியில் இருக்கும் 200 லிட்டரை 50 டிகிரிக்கு ஏற்ற ஐந்து யூனிட்டுக்குச் சற்று அதிகமான வெப்பம் போதும். கீசர் அத்தனையையும் மின்சாரத்தில் எடுக்கும். ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் ஏற்றுவதால், இரண்டு யூனிட்டுக்குள் முடித்துவிடும். பச்சைத் தண்ணீர் கலந்து வாளியில் மொண்டு குளித்தால் அந்த 200 லிட்டர் ஆறு பேருக்குத் தாராளம்.

மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை, காற்றை இழுக்கும் வெளிப்பெட்டியில் போடுங்கள். தென்கடல் பார்த்த சுவரில் மாட்டவே கூடாது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உப்பும் மணலும் அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். வீட்டின் வடக்குப் பக்கம், காற்றோட்டம் அடைபடாத இடம் பாருங்கள். அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள சுருளாகக் கேளுங்கள். அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். விறகு விஷயத்தில் வாப்பாவோடு வாதாட நான் வரமாட்டேன்.

தொண்டி ஆசிரியை:
2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அது கூரைச் சோலாருக்கு மட்டும். 'இரண்டும் சேர்த்துப் போட்டால் ஹீட் பம்புக்கும் மானியம்' என்று யாராவது சொன்னால், பில்லைத் தனித்தனியாகக் கேளுங்கள்; பேச்சு மாறும். சோலார் இருந்தால் டைமரை நண்பகலுக்கு வைத்துவிடலாம். வெயிலின் மின்சாரம், வெயிலின் சூடு இரண்டுமே அப்போதுதான் கிடைக்கும். தொட்டியின் வெப்பக்காப்பு நன்றாக இருந்தால் விடியும்வரை சூடு நிற்கும்.

கீழக்கரைவாசி:
நன்றி அண்ணன், நன்றி டீச்சர். போர் தண்ணீர் உவர்ப்பு. கீசரிலேயே பொருக்குக் கட்டுகிறது.

மண்டபம் வயர்மேன்:
அப்படியானால் தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியம் கம்பியைக் கவனியுங்கள். தொட்டிக்குப் பதிலாக அதுதான் அரிபடும்; அது தீர்ந்தால் அடுத்தது தொட்டிதான். பொருக்கை வெளியேற்ற அடியில் ஒரு வால்வும் இருக்க வேண்டும். அந்தக் கம்பி ராமநாதபுரத்திலேயே கிடைக்குமா, மதுரைக்கு அலைய வேண்டுமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.