எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) நாற்றம் தாங்க முடியவில்லை, ஏஜென்சி பவுடர் வாங்கச் சொல்கிறது. வாங்கலாமா?

பி பிளாக் வாசி:
வணக்கம். சென்னை ஓஎம்ஆர் சாலையில் தாழம்பூர் பக்கம் 240 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. கழிவுநீர் மொத்தமும் வளாகத்துக்குள் இருக்கும் எஸ்டிபிக்குத்தான் போகிறது. சுத்திகரித்த தண்ணீர் ஃப்ளஷுக்கும் செடிகளுக்கும் திரும்பி வருகிறது.

கொஞ்ச நாளாக விடிகாலையில் பி பிளாக் பக்கம் அழுகிய முட்டை நாற்றம். வெயில் ஏறினால் குறைகிறது, மறுநாள் காலை மறுபடியும் அதேதான். ஃப்ளஷ் பண்ணினால் கறுப்புத் துகளோடு மஞ்சள் தண்ணீர் வருகிறது. விருந்தாளி வந்தால் பாத்ரூம் கதவைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

பராமரிப்பு இன்னும் பில்டர் வைத்த ஏஜென்சி கையில். சங்கத்தைப் பதிவு செய்து, இப்போதுதான் நிர்வாகக் குழு அமைத்திருக்கிறோம். 'பாக்டீரியா செத்துவிட்டது, மாதாமாதம் கல்ச்சர் பவுடர் (பாக்டீரியாப் பொடி) போடணும், தொட்டியைக் காலி பண்ணிக் கழுவணும், இரண்டுக்கும் தனிக் காசு' என்கிறது ஏஜென்சி. வாட்ஸாப் குரூப்பில் இப்போதே இரண்டு கட்சி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பவுடருக்கு ஒப்புக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பம்ப் ரூம்:
சார், நான் எஸ்டிபி ஆபரேட்டராக இருந்தவன். பவுடர் பேச்சை ஓரமாக வையுங்கள். ராத்திரி ப்ளோயர் ஓடுகிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

அழுக்கைத் தின்னும் கிருமிக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். ஏரேஷன் டேங்குக்கு அந்தக் காற்றை அனுப்புவது ப்ளோயர்தான். அதைப் பல மணி நேரம் நிறுத்தினால் நல்ல கிருமி சோர்ந்துபோய், காற்று இல்லாமல் வாழும் கிருமி தலைதூக்கும். அது விடுகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைத்தான் அழுகிய முட்டை நாற்றம் என்கிறீர்கள். விடிகாலையில் மட்டும் வருகிறது என்பதைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம்.

ஒரு லிட்டர் அளவுச் சிலிண்டரில் ஏரேஷன் டேங்க் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நன்றாக ஓடுகிற பிளான்டில் 250-லிருந்து 350 மில்லி வரை பழுப்பு நிற ஸ்லட்ஜ் (கிருமிகள் சேர்ந்த சேறு) படியும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும். மழை பெய்த மண் மாதிரி வாசம் வரும். கறுப்பாகப் படிந்து நாறினால் விஷயம் முடிந்தது. ஆபரேட்டரை விட்டு எடுக்கச் சொல்லுங்கள், கூட நில்லுங்கள், நீங்கள் குனிய வேண்டாம்.

போரூர்க்காரன்:
எங்கள் அபார்ட்மென்டிலும் பவுடர் கதை ஓடியது. மாதா மாதம் டப்பா வந்தது, நாற்றமும் வந்தது. டப்பாவை யாரும் பிரித்துப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. பேசாமல் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு புகார் தட்டிவிடுங்கள், தானாக ஓடும்.

பழைய செயலாளர்:
போரூர்க்காரரே, அவசரப்படாதீர்கள். வாரியத்தின் இயக்க அனுமதி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் புகார் கொடுத்தால், நோட்டீஸ் சங்கத்தின் வாசலுக்கே வரலாம். அது இன்னும் பில்டர் பெயரிலா, சங்கத்துக்கு மாறிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

பி பிளாக் சார், வீடு ஒப்படைத்து ஐந்து வருஷம் ஆகவில்லை என்றால் காசு விஷயத்தில் உங்களுக்குப் பிடி இருக்கிறது. 2016 ரெரா சட்டத்தின் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 14(3) பிரிவு கட்டட அமைப்புக் குறையை மட்டும் சொல்லவில்லை. வேலைத்தரம், பொருளின் தரம், செய்துதரும் வசதிகள் எல்லாம் அதில் அடக்கம். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் குறையைச் சுட்டிக்காட்டினால் 30 நாளுக்குள் பில்டர் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். ஆனால் பிளான்ட் குறையா, ஓட்டுகிற முறையில் குறையா என்று பிரித்துக் காட்டணும். ஓட்டுகிற முறை என்றால் ஏஜென்சி ஒப்பந்தத்தைத்தான் கையில் எடுக்கணும். வாட்ஸாப்பில் கத்துவது கணக்கில் வராது, பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். எஸ்டிபி வரைபடத்தையும் அதே கடிதத்தில் கேளுங்கள். முடிப்புச் சான்று கிடைத்த பிறகு ஆவணங்களைச் சங்கத்திடம் கொடுப்பது பில்டரின் கடமை, அது 17-வது பிரிவில் இருக்கிறது.

இன்னொன்று. தொட்டியைக் கழுவ ஆளை உள்ளே இறக்க விடவே விடாதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது குற்றம். உயிர் போனால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. பணத்தை விடுங்கள், எத்தனை பேர் இப்படிச் செத்திருக்கிறார்கள். அந்த முட்டை நாற்ற வாயுதான் ஆளைச் சாய்ப்பதும். நாற்றம் கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது, அதை நம்பி இறங்கினவர்கள் ஏராளம். ஸ்லட்ஜை லாரி வைத்து உறிஞ்சி எடுத்தால் போதும்.

பி பிளாக் வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஆபரேட்டரை விட்டுச் சிலிண்டரில் பிடித்துப் பார்த்தோம். அடியில் கொஞ்சம்தான் படிந்தது, அதுவும் தார் மாதிரி கறுப்பு. மேல் தண்ணீர் கலங்கல். நாற்றம், சொல்லவே வேண்டாம்.

ப்ளோயர் விஷயம் பம்ப் ரூம் அண்ணா சொன்னதுதான். ராத்திரி பத்துக்கு நிறுத்தி காலை ஆறுக்குப் போடுகிறார்கள். கரண்ட் மிச்சம் பிடிக்கத்தான் என்று நான் நினைத்தேன், காரணம் அது இல்லை. ஏ பிளாக்கில் தரைத்தளத்துக்காரர்கள் 'சத்தத்தில் தூக்கம் வரவில்லை' என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். அவர் யாரிடமும் கேட்காமல் டைமர் வைத்துவிட்டார். ஏ பிளாக் தூங்குகிறது, பி பிளாக் நாறுகிறது.

பம்ப் ரூம்:
இது நிறைய இடத்தில் நடக்கிறதுதான். டைமரை எடுத்துவிட்டு 24 மணி நேரமும் ஓட விடுங்கள். இரண்டு ப்ளோயர் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டணும், ஒன்றையே போட்டுத் தேய்க்கக் கூடாது. முதல் சில நாள் நாற்றம் கூடும், தேங்கின வாயுவைக் காற்று வெளியே தள்ளும். அப்போது பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தொட்டி பழுப்புக்குத் திரும்பினால் பவுடரே தேவையில்லை. திரும்பவில்லை என்றால் பக்கத்தில் நன்றாக ஓடுகிற பிளான்டிலிருந்து ஒரு லாரி ஸ்லட்ஜ் வாங்கிக் கலக்கலாம். குமிழி ஒரு பக்கம் மட்டும் வந்தால் அடியில் காற்றைக் குமிழியாக விடுகிற டிஃப்யூசர் அடைத்திருக்கும், அதுவும் பாருங்கள்.

ஏ பிளாக் தரைத்தளம்:
நண்பர் சுட்டி அனுப்பினார், அதனால் எழுதுகிறேன். சண்டை போட்டது நாங்கள்தான். ப்ளோயர் ரூம் என் படுக்கையறைச் சுவருக்கு அடுத்த சுவர். எட்டு மாதக் குழந்தை ராத்திரி முழுக்க அழுகிறது. நிறுத்தினால் இப்படி ஆகும் என்று சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓட்டுங்கள், ஆனால் சத்தத்துக்கு ஏதாவது பண்ணிக் கொடுங்கள்.

பழைய செயலாளர்:
கேட்பது நியாயம்தான் மேடம். அந்த ரூமை அங்கே கட்டியது பில்டர். சத்தத்தையும் குறையாக அதே கடிதத்தில் சேருங்கள்.

பி பிளாக் வாசி:
கூட்டம் முடிந்தது. பவுடர் கிடையாது, தொட்டி கழுவலும் கிடையாது. டைமரைக் கழற்றி ஒரு வாரம் ஆகிறது. பம்ப் ரூம் அண்ணா சொன்ன மாதிரி முதலில் நாற்றம் கூடியது, இப்போது பாதிக்குமேல் இல்லை. ஃப்ளஷ் தண்ணீரில் இன்னும் மஞ்சள் இருக்கிறது, துகள் நின்றுவிட்டது. பில்டருக்குக் கடிதம் போயாயிற்று. பதில் வருவதற்குள் ஏ பிளாக் மேடத்துக்குச் சத்தம் குறைய என்ன செய்யலாம்?

பம்ப் ரூம்:
ப்ளோயருக்கு அடியில் ரப்பர் பேட் இருக்கிறதா பாருங்கள், நேராகக் காங்கிரீட்டில் போல்ட் போட்டிருந்தால் அதிர்வு சுவர் வழியாகவே வீட்டுக்குள் போகும். காற்று இழுக்கிற பக்கம் சைலன்சர் மாட்டுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தாலும் சத்தம் வரும். அப்புறம் ஒலித்தடுப்புக் கூண்டு. ஆனால் வெப்பம் வெளியே போக வழி வைத்துச் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் எரிந்துவிடும்.