தேக்கு: பருத்ததை மட்டும் கேட்கிறார் வியாபாரி, கொடுக்கலாமா?

செந்தில்_ஆலங்குடி:
எல்லாருக்கும் வணக்கம். ஆலங்குடி பக்கம் செம்மண் பூமி, 2 ஏக்கர். அப்பா 2012ல 2 மீட்டர் இடைவெளியில தேக்கு வச்சாங்க. கஜா புயல்ல கொஞ்சம் சாஞ்சுது, பட்டதும் போக இப்ப 1,500 சொச்சம் நிக்குது. நெருக்கம் குறைக்க இதுவரைக்கும் ஒரு மரம்கூட வெட்டிக் கழிச்சதில்லை. நெஞ்சு உயரத்துல சுத்திப் பாத்தா பெரும்பாலும் 16, 18 அங்குலம்தான். ஒரு 200 மரம் மட்டும் 30ஐத் தாண்டும்.

வியாபாரி ஒருத்தர் வந்து, "30க்கு மேல இருக்கிறதை மட்டும் நான் எடுத்துக்கிறேன், கையோட காசு. மெலிஞ்சதுக்கு வெயில் விழும், அஞ்சு வருஷத்துல அதுவும் பருத்துடும். காட்டுலயே ஃபாரஸ்ட்காரங்க அப்படித்தான் அளவு வச்சு வெட்டுவாங்க"ன்னாரு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. போர்வெல் மோட்டார் வேற மாத்தணும். அம்மா வேண்டாங்கிறாங்க, காரணம் கேட்டா சொல்லத் தெரியலை. என்ன பண்ணலாம்?

மரவாடிக்காரன்:
தம்பி, கொடுத்துடாதீங்க. நான் வாங்குற பக்கத்து ஆளு, அறுவை மில்லும் மரவாடியும் வச்சிருக்கேன். உங்க தோப்புக்கு நான் வந்திருந்தாலும் அந்த 200ஐத்தான் கேட்டிருப்பேன். அதனாலதான் சொல்றேன்.

எல்லாம் ஒரே பருவத்துல நட்ட கன்னு, ஒரே தண்ணி. அதுல ஒண்ணு 32 அங்குலம், பக்கத்துல நிக்கிறது 16ன்னா, அந்த 16 இளசு இல்லை. அதுக்கும் அதே 13 வயசு. வெளிச்சத்துக்கும் வேருக்கும் நடந்த போட்டியில தோத்த மரம். கெடாவையெல்லாம் சந்தையில வித்துட்டு நோஞ்சானை வச்சு மந்தை பெருக்குற கதைதான் இது. வெயில் விழுந்தா கொஞ்சம் பருக்கும், இல்லைங்கலை. ஆனா இத்தனை வருஷம் நிழல்ல ஒல்லியா ஓங்கினது, திடீர்னு திறந்துவிட்டா தண்டு முழுக்கப் பக்கத்துளிர் வெடிக்கும். அறுக்கும்போது பலகை பூரா கண்ணு, அதாவது கிளை முடிச்சு. காத்தடிச்சா வளையும். கஜா பாத்த ஊருக்கு நான் சொல்லணுமா?

கழிக்கணும், அது நிச்சயம். ஆனா கழிக்க வேண்டியது எதிர்ப்பக்கம்: வளைஞ்சது, கவை விட்டது, தலை அமுங்கினது, அடி பொந்து விழுந்தது. முதல் தடவை ஒரு 500 எடுங்க. ரெண்டு மூணு வருஷம் விட்டு, தலைக்குத் தலை மறுபடி இடிக்குதான்னு பாத்து அடுத்த சுத்து. மோட்டாருக்குக் காசு வேணும்னா, ரெண்டு தடி மரம் ஒட்டி நிக்கிற இடத்துல ஒண்ணைக் கொடுங்க. அப்படி 30, 40 தேறலாம்.

எதை வெட்டுறதுன்னு ஆளுங்க கையில விட்றாதீங்க. நீங்களே பெயிண்ட் டப்பாவோட நடங்க. நெஞ்சளவுல ஒரு கோடு, அடியில மண்ணை ஒட்டி இன்னொரு கோடு. மேல் கோடு மரத்தோட லாரியில போயிடும், கீழ் கோடு அடிக்கட்டையில நிக்கும். கோடு இல்லாத அடிக்கட்டை கண்ணுல பட்டா, அன்னைக்கே கூலியை நிறுத்துங்க.

வனவியல்_மாணவி:
மரவாடி அண்ணன் சொல்வது சரி. "காட்டிலும் அப்படித்தான்" என்ற பேச்சுக்கு மட்டும் ஒரு விளக்கம். இயற்கைக் காட்டில் பல வயது மரங்கள் கலந்து நிற்கும். மெலிந்த மரம் அங்கே உண்மையிலேயே இளைய மரமாக இருக்கலாம். அதனால்தான் குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேல் மட்டும் தேர்ந்து வெட்டும் முறை அங்கே வந்தது. அதையும் இன்று நினைத்தபடி செய்ய முடியாது. காட்டைக் காக்கக் கோரிய கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு, மத்திய அரசு ஒப்புதல் தந்த வேலைத் திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்ட முடியாது.

ஒரே வயதுத் தோட்டத்துக்குக் கேரளத்தின் நிலம்பூரைப் பாருங்கள். மலபார் கலெக்டர் கோனோலியும் சாத்து மேனனும் 1840களில் தேக்கு நடத் தொடங்கிய இடம். அங்கு உருவான வழக்கப்படி 4, 8 ஆண்டுகள் வாக்கில் தரம் பார்க்காமல் வரிசைக் கணக்கில் கழிப்பார்கள். அதன் பிறகு தரம் பார்த்துக் கழிப்பு, 40 வயது வரைக்கும் பல தடவை. கடைசி வெட்டு 50, 60 வயதில். உங்கள் தோப்புக்கு அந்த முதல் இரண்டும் தவறிவிட்டன, ஆகவே ஒரே வீச்சில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

பட்டா நிலமானாலும் தேக்கைக் கொண்டுபோக வனத்துறை அனுமதி வேண்டும். அடங்கலில் (வி.ஏ.ஓ.வின் சாகுபடிக் கணக்கில்) தேக்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோடு போடும் முன்பே ரேஞ்ச் ஆபீசில் கேளுங்கள்.

பட்டுக்கோட்டை_விவசாயி:
எதுக்கு இவ்வளவு தலைவலி? நான் மொத்தமா வெட்டிட்டு அடிக்கட்டையில தழைய விட்டேன். கன்னு வாங்குற செலவே இல்லை, ஒரே வருஷத்துல ஆள் உயரத்தைத் தாண்டிடுச்சு.

மரவாடிக்காரன்:
அண்ணே, தழையும், ஒத்துக்கிறேன். ஆனா 13 வயசு மரத்துல வைரம், அதாவது நடுவுல இருக்கிற கெட்டிக் கட்டை, எவ்வளவு இருக்கும்? சுத்தி வெள்ளைதான், அது சீக்கிரம் உளுத்துப்போகும். நாங்க விலையைக் குறைக்கிறதே அதுக்குத்தான். செந்தில் தம்பிக்கு அது ஒத்தும் வராது. மத்த மரத்தோட நிழல்ல தேக்குத் துளிர் தேறாது, மொத்தமா வெட்டினாத்தான் உண்டு.

செந்தில்_ஆலங்குடி:
அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், சிரிக்கிறாங்க. மெலிஞ்சது என்ன விலைக்குப் போகும்? தடி மரம் 40 கொடுத்தா கன அடி எப்படிப் போடுவாங்க?

மரவாடிக்காரன்:
மெலிஞ்சது பந்தல் காலுக்கும் கொட்டகைக்கும் போகும். வெட்டுக்கூலி, வண்டி வாடகை போக பெருசா நிக்காது, அதை லாபக் கணக்குல சேக்காதீங்க.

தடி மரத்துக்கு, கட்டையோட நட்ட நடுவுல கயிறைச் சுத்தி, அந்த நீளத்தை நாலா மடிக்கணும். சுத்து 32 அங்குலம்னா மடிப்பு 8. எட்டெட்டு 64, அதை நீளம் 10 அடியால பெருக்கி 144ஆல வகுத்தா 4.44 கன அடி. நிஜத்துல அந்தக் கட்டையில 5.66 கன அடி இருக்கும். அறுக்கும்போது ஓரத்துல கழியறதுக்குன்னு அந்த வித்தியாசம் வாங்குறவனுக்கு, அது வழக்கம். நுனிப்பக்கம் அளக்க வந்தா மட்டும் விடாதீங்க. பட்டைக்குன்னு தனியா ரெண்டு அங்குலம் கழிச்சாலும் முதல்லயே பேசிடுங்க, லாரி ஏறின பிறகு பேசிப் புண்ணியமில்லை.

இலை கொட்டுற தை, மாசியில வெட்டுங்க. கோடு போட்டுட்டு நாலு படம் இங்க போடுங்க, எதை விட்டிருக்கீங்கன்னு பாத்துச் சொல்றேன்.