ஸ்னோமொபைலையும் ட்ரெய்லரையும் நன்கொடையாகக் கொடுத்த என் அனுபவம்

ஒன்ராறியோவில் பழைய ஸ்னோமொபைலை (பனிமேல் ஓடும் வண்டியை)த் தொண்டு நிறுவனமொன்றுக்குக் கொடுக்க நினைப்பவர்கள், அதை ஏற்றிச் செல்லும் ட்ரெய்லரையும் சேர்த்தே கொடுக்க முன்வந்தால் வேலை மிகச் சுலபமாக முடியும் என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். என்னிடம் இருந்தது 2008ஆம் ஆண்டின் ஸ்கி-டூ ரக ஸ்னோமொபைல். சிம்கோ ஏரி உறைந்ததும் மீன்பிடிக் குடிலுக்குப் போய்வரவும், பாரி நகருக்கு வடக்கேயுள்ள காட்டுத் தடங்களில் ஓடவும் அது பயன்பட்டது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்தியர் அதில் ஏறக்கூடாது என்றுவிட்டார். பிள்ளைகளும் வேலை கிடைத்து ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். நன்றாக ஓடுகிற ஒரு இயந்திரம் கராஜில் தூசி படிந்து கிடப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

முதலில் எங்கள் பகுதி ஸ்னோமொபைல் கழகத்தைத்தான் நாடினேன். தடங்களைச் சீர்செய்து, சிறு பாலங்களைப் பழுதுபார்த்து, அறிவிப்புப் பலகைகளை நட்டுப் பனிக்காலம் முழுவதும் சம்பளமின்றி உழைப்பவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் கழகம் இலாப நோக்கற்ற அமைப்பே தவிர, கனடா வருவாய் முகமையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் அல்ல. ஆகவே வரிக்கணக்கில் காட்டக்கூடிய பற்றுச்சீட்டைத் தர அதற்கு அதிகாரம் இல்லை என்று அதன் செயலாளர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. பதிவுபெற்ற நிறுவனத்தின் பதிவெண்ணில் ஒன்பது இலக்கங்களும், ‘ஆர்ஆர்’ என்ற எழுத்துகளும், மேலும் நான்கு இலக்கங்களும் இருக்கும். அந்தப் பதிவு நடப்பில் உள்ளதா என்பதை முகமையின் பொதுப் பட்டியலில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். முகமையிடம் பதிந்துகொண்ட நகரசபைகளும் முதற்குடி மக்களின் சபைகளும்கூடப் பற்றுச்சீட்டு தரலாம் என்பதால், வடக்கே வசிப்பவர்கள் அங்கும் விசாரிக்கலாம்.

அடுத்ததாக, வாகனங்களை நன்கொடையாகப் பெற்று ஏலத்தில் விற்கும் ஒரு சேவையோடு தொலைபேசியில் பேசினேன். ஸ்னோமொபைலையும் ட்ரெய்லரையும் தாங்களே வந்து இழுத்துச் செல்வதாகவும், ஏலத்தில் கிடைக்கும் தொகையை வைத்துப் பற்றுச்சீட்டு வரும் என்றும் சொன்னார்கள். இயந்திரம் ஓடுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை; விற்ற பணத்தில் எவ்வளவு தொண்டுக்குப் போய்ச் சேரும் என்ற என் கேள்விக்கும் நேரான பதில் கிடைக்கவில்லை. ஓடாத வண்டியை அப்புறப்படுத்த வேண்டியவர்களுக்கு அந்த வழி பொருந்தலாம். நல்ல நிலையில் உள்ள ஒன்றை அப்படிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இறுதியில், நோர்த் பே நகருக்கு அப்பால் இளையோருக்கான முகாம் நடத்தும் ஒரு பதிவுபெற்ற நிறுவனத்தைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்னார். முகாமின் பராமரிப்புப் பொறுப்பாளர் நேரில் வந்து பார்த்தார். அவர் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இயந்திரத்தை நான் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறேனா என்று கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்த நிலையில் அது கிளம்ப வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. பிறகு மூடியைத் திறந்து, இயந்திரத்தின் விசையைக் கடத்தும் பெல்ட்டின் ஓரங்களில் நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். மண்டியிட்டு, வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டையின் உட்புறத்தையும் சறுக்குக் கட்டைகளின் தேய்மானத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். ட்ரெய்லருக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு பக்கத்து விளக்கு எரியவில்லை. வீதியில் கொட்டும் உப்பு, விளக்கின் மின்கம்பி சட்டத்தோடு இணையும் திருகாணியை அரித்திருந்தது; அவர் அதைக் கழற்றிச் சுரண்டித் திரும்ப முடுக்கியதும் விளக்கு எரிந்தது. பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் விறகு இழுக்கும், கோடையில் அதே ட்ரெய்லர் ஓடங்களை ஏற்றும் என்றார் அவர். ட்ரெய்லர் இல்லையென்றால் ஸ்னோமொபைலைப் பழுதுபார்க்கக் கொண்டுபோவதற்கே வேறொருவரைக் கெஞ்ச வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பொருளாகக் கொடுக்கும் நன்கொடைக்குப் பற்றுச்சீட்டு அதன் நியாயமான சந்தை மதிப்பில்தான் வரும். அந்த மதிப்பு 1,000 டொலருக்கு மேல் போகுமானால், தொடர்பில்லாத ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்துமூல மதிப்பீடு பெறுமாறு முகமை பரிந்துரைக்கிறது. ஸ்னோமொபைல் விற்பனையாளர் ஒருவரிடம் இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெழுதி வாங்கினேன். மதிப்பிட்டவரின் பெயரும் முகவரியும் பற்றுச்சீட்டில் இடம்பெற வேண்டும் என்பதால் அவற்றையும் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகாத பொருளென்றால், வாங்கிய விலை, சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததையே கணக்கில் எடுப்பார்கள்; என்னுடையவை பழையவை என்பதால் அந்த விதி குறுக்கிடவில்லை. ஆண்டுக்கு 200 டொலருக்கு மேற்பட்ட நன்கொடைத் தொகைக்கு மத்திய அரசின் வரிச்சலுகை பெரும்பாலானோருக்கு 29 சதவீதம். ஒன்ராறியோ மாகாணம் அதற்கு மேல் 11.16 சதவீதம் தருகிறது. அந்த ஆண்டில் பயன்படுத்தாத தொகையை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். உதவியான தொகைதான், ஆனாலும் விற்றால் கிடைக்கும் பணத்துக்கு அது ஈடாகாது. பணம் மட்டுமே நோக்கமென்றால் விற்பதே சரி.

பத்திரங்களைப் பொறுத்தவரை, ஸ்னோமொபைலுக்கு ஒன்று, ட்ரெய்லருக்கு ஒன்று என இரண்டு பதிவுப் பத்திரங்கள் உண்டு. இரண்டிலும் கையெழுத்திட்டுத் தேதி குறித்துப் பிரதி எடுத்து வைத்துக்கொண்ட பிறகே சாவியைக் கொடுத்தேன். காப்புறுதியையும் உரிமை மாறியதற்கு அடுத்த நாள்தான் நிறுத்தினேன். உபரி பெல்ட்டையும் திருத்தப் பணிகளின் பழைய சீட்டுகளையும் விருப்பத்தோடு வாங்கிக்கொண்டார்கள். தலைக்கவசங்களை மட்டும் அவற்றின் வயது கருதி மறுத்துவிட்டார்கள்; பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதும் நிறுவனம் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கொடுக்க எண்ணுபவர்கள் செப்டெம்பர் மாதத்திலேயே பேச்சைத் தொடங்குவது நல்லது. பனி விழுந்த பிறகு மெக்கானிக்குகளுக்கு ஓய்வில்லை. முன்னதாகக் கொடுத்தால், பெறுகிறவர்கள் பழைய பெற்றோலை வடித்து, பற்றரியைச் சோதித்து, முதல் பனிக்கே வண்டியைத் தயாராக வைத்திருப்பார்கள்.