4 டிபி வட்டில் 465.8 ஜிபி மட்டுமே தெரிகிறது

வேப்பமரம்:
வணக்கம். என் வெளிவட்டின் யூஎஸ்பி வாய் ஓராண்டாக ஆடிக்கொண்டிருந்தது. நேற்று பொறுமையிழந்து பெட்டியைப் பிளந்து, உள்ளிருந்த 4 டிபி வட்டைக் கணினியின் சாட்டா கம்பியில் நேரடியாகச் செருகினேன். இயங்குதளம் டெபியன் 12 லினக்ஸ். வட்டைப் பிரிக்கும் கட்டளையான எஃப்டிஸ்க், 465.8 ஜிபி அளவில் ஒரே ஒரு பார்ட்டிஷனை, அதாவது வட்டின் பிரிவை, காட்டுகிறது. வகை ஜிபிடி (புதிய முறைப் பார்ட்டிஷன் அட்டவணை) என்கிறது. வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அதுவும் இல்லை. அப்பா வாசித்த நாதஸ்வரக் கச்சேரிகளின் பதிவுகள் அதில் மட்டுமே இருக்கின்றன. நகல் ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டாகிவிட்டது.

தெற்குத்தெரு:
பார்ட்டிஷன் அட்டவணை கெட்டுவிட்டது. புதிதாக எழுதி, ஃபார்மேட் செய்துவிட்டு, மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள்.

பழையபெட்டி:
ஃபார்மேட்டா! வேப்பமரம், எதையும் எழுதாதீர்கள். 465.8-ஐ எட்டால் பெருக்குங்கள். 3726 வரும், 4 டிபி வட்டை எஃப்டிஸ்க் காட்டும் அளவு ஏறத்தாழ அதுதான். வட்டு நலமாக இருக்கிறது, பொய் சொன்னது பெட்டி. உள்ளிருந்த சிப், ஒரு செக்டர் (வட்டு தரவை எண்ணும் அலகு) 4096 பைட் என்று சொல்லிவந்திருக்கிறது. பழைய எம்பிஆர் அட்டவணையின் 2 டிபி வரம்பைத் தாண்ட அப்படியொரு தந்திரம் செய்தார்கள். நேரடி இணைப்பில் வட்டு 512 என்கிறது; அதனால்தான் அளவு எட்டில் ஒன்றாகத் தெரிகிறது. ஜிபிடி தலைப்பின் இடம் செக்டர் 1. பெட்டிக்குள் இருந்தபோது அது 4096-ஆம் பைட்டில் எழுதப்பட்டது; லினக்ஸ் இப்போது 512-ஆம் பைட்டில் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது.

லாஸ்செட்டப் கட்டளையில் செக்டர் அளவு 4096, படிக்க மட்டும், பார்ட்டிஷன்களைத் தேடு என்ற மூன்று விருப்பங்களோடு முழு வட்டையும் லூப் சாதனமாக (கணினி தனி வட்டாகக் கருதும் மாற்றுரு) இணையுங்கள். அதில் தெரியும் பார்ட்டிஷனை, அதையும் படிக்க மட்டுமே, மவுண்ட் செய்யுங்கள் (கோப்புகளைத் திறக்கும்படி இணையுங்கள்).

வேப்பமரம்:
ஐயா, தெரிகிறது! பார்ட்டிஷனின் தொடக்கச் செக்டர் 256, முடிவு 976754431. கோப்புகள் அத்தனையும் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் இணைக்க வேண்டுமா?

பழையபெட்டி:
வேண்டாம். முதலில் வேறு வட்டில் நகல். பிறகு லூப்பைக் கழற்றிவிட்டு, 512 கணக்கில் புதிய ஜிபிடி எழுதலாம்: தொடக்கம் 2048, முடிவு 7814035455. முடிவை வெறுமனே எட்டால் பெருக்கினால் ஏழு செக்டர் குறையும்; ஒன்றைக் கூட்டி, எட்டால் பெருக்கி, ஒன்றைக் கழிக்க வேண்டும். எக்ஸ்ட்4 (உங்கள் கோப்புகள் இருக்கும் கோப்பு முறைமை) கையொப்பத்தை நீக்கட்டுமா என்று எஃப்டிஸ்க் கேட்கும். "இல்லை" என்று சொல்லுங்கள்.

வேப்பமரம்:
இன்று காலை புது வட்டு வாங்கி வந்தேன். நகல் பாதியில் இருக்கிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கோப்புப் பெயர்களைப் பார்த்தே ராகம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.